குதிரை ரோடு தாண்டணும், கொஞ்சம் நில்லுங்க

போன எபிசோடுக்கு வந்த மெயில்ல ஒருத்தர் கேட்டிருந்தார்: "ஏன் எப்பவும் ராஜா, கோட்டை, போர்னே பேசறீங்க? நாங்க தினமும் பார்க்கிற விஷயத்துக்கெல்லாம் வரலாறு கிடையாதா?" நியாயமான கேள்வி. அதனால இன்னைக்கு ரோடு தாண்டறதைப் பத்திப் பேசப் போறோம். தாண்டறது மனுஷன் இல்ல, குதிரை.

2023-ல ஒரு ப்ராஜெக்டுக்காக நாலு மாசம் இங்கிலாந்துல கேம்ப்ரிட்ஜுக்குப் போயிருந்தேன். அந்த ஊர் வாடகை என் அலவன்ஸுக்குக் கட்டுப்படி ஆகல. சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி நியூமார்க்கெட்னு ஒரு சின்ன ஊர்ல ரூம் எடுத்தேன். முதல் நாள் காலைல பஸ் ஏறி ரெண்டு நிமிஷம்கூட ஆகல, வண்டி நின்னுடுச்சு. எட்டிப் பார்த்தா குதிரைகள். ஒண்ணு பின்னாடி ஒண்ணா, நிதானமா, கல்யாண வீட்டுப் பந்திக்குப் போற மாதிரி ரோட்டைத் தாண்டிட்டு இருக்கு. இருபது எண்ணினேன், அப்புறம் விட்டுட்டேன். எனக்கு ஒன்பது மணிக்கு ஸ்டாண்ட்-அப் மீட்டிங். பஸ்ல வேற யாரும் வாட்சைப் பார்க்கல. நான் மட்டும்தான் பார்த்துட்டு இருந்தேன். உண்மையைச் சொல்லணும்னா, மனசுக்குள்ள திட்டிட்டும் இருந்தேன்.

அந்த ஊர்ல ஏறக்குறைய 20,000 பேர் இருக்காங்க. பந்தயத்துக்குப் பழக்கற குதிரைங்க மட்டும் சுமார் 3,000. 1600-களோட தொடக்கத்துல முதலாம் ஜேம்ஸ் மன்னர் வேட்டைக்கு வந்து இந்த இடத்தைப் பிடிச்சுக்கிட்டார். பேரன் இரண்டாம் சார்லஸ் 1660-கள்ல இங்க ஒரு பந்தயத்தையே ஆரம்பிச்சார். அது இன்னும் நடக்குது. (ராஜா இல்லாம எபிசோட் பண்ண முடியல, மன்னிக்கணும்.)

நமக்கு முக்கியம் ஊரோட அமைப்பு. குதிரை லாயங்கள் பெரும்பாலும் ஊருக்குள்ளயே இருக்கு, தெருக்களுக்கு நடுவுல, வீடுகளுக்குப் பின்னாடி. பழக்கற புல்வெளி ஊருக்கு வெளியே. ஆக, தினமும் காலைல ஒவ்வொரு குதிரையும் லாயத்துல இருந்து புல்வெளிக்குப் போகணும், திரும்பி வரணும். ஆபீஸ், ஸ்கூல் கிளம்பற அதே நேரத்துல. இதுக்காக ஊருக்குள்ள வேலி போட்ட தனிப் பாதைகள் இருக்கு, ஹார்ஸ் வாக்னு சொல்றாங்க. ஆனா எந்தப் பாதையும் எங்கயோ ஓரிடத்துல காரோட ரோட்டை வெட்டித்தான் ஆகணும். அந்த வெட்டுற இடம்தான் இன்னைக்குக் கதை.

ரூமுக்குக் கீழ இருந்த கடையில ஒருத்தர் பழக்கமானார். ரேஸ் குதிரைகளுக்குத் தினசரி பயிற்சி ஓட்டறவர். இந்த வேலைக்கு இந்தியால இருந்து நிறைய பேர் அங்க போறாங்க. இவரும் பெங்களூர்ல வேலை பழகினவர், ஓசூர் பக்கம் சொந்த ஊர். காரை எலும்பு உடைஞ்சு கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் புத்திசாலித்தனமா, "என்னண்ணே, லாரி ஏதாவது குறுக்க வந்துச்சா?"ன்னு கேட்டேன்.

"லாரிக்கெல்லாம் அது பயப்படாது தம்பி, தினம் பார்க்குது. ஒரு கார்க்காரன் பொறுமை இல்லாம ஒட்டி ஓவர்டேக் பண்ணான். அவன் கிளப்பின காத்துல ஒரு கேரி பேக் பறந்துச்சு. அவ்வளவுதான்."

குதிரையோட கண் தலையின் ரெண்டு பக்கமும் இருக்கு. கிட்டத்தட்ட முழு வட்டமும் அதுக்குத் தெரியும். நேர் பின்னாடியும் மூக்குக்கு நேர் முன்னாடியும் மட்டும் தெரியாது. ஓடித் தப்பிச்சே பிழைச்ச மிருகம் அது. சந்தேகம்னா முதல்ல ஓடும், அப்புறம்தான் யோசிக்கும். சுமார் 500 கிலோ எடை அப்படித் திடீர்னு பக்கவாட்டுல குதிச்சா மேல இருக்கிறவர் என்ன ஆவார், கார் கண்ணாடி என்ன ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. அந்த அண்ணனுக்கு ரெண்டு மாசம் வேலை போச்சு.

அவர் சொன்னதுல இன்னொண்ணு மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்தது. "நாங்க கையைத் தூக்கினா நிக்கணும், அதான் மரியாதை. நிக்கிறவனுக்குத் தலையை ஆட்டி நன்றி சொல்லிட்டுப் போவோம்." மரியாதைன்னுதான் சொன்னார். தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சது, ஒரு காலத்துல இது சட்டம்.

1865-ல பிரிட்டன்ல ஒரு சட்டம் போட்டாங்க. சிவப்புக் கொடிச் சட்டம்னு பேர் வாங்கினது. அப்ப ரோட்டுல ஓடின இயந்திரம்னா நீராவி வண்டிதான். ஊருக்கு வெளியே மணிக்கு 4 மைல், ஊருக்குள்ள 2 மைல், அதுக்கு மேல போகக் கூடாது. ஊருக்குள்ள வரம்பைவிட நாம நடக்கறதே வேகம். வண்டிக்கு 60 கெஜம் முன்னாடி ஒருத்தர் சிவப்புக் கொடியோட நடக்கணும். காலேஜ்ல எங்க சார் இதைப் பழமைவாதத்துக்கு உதாரணமாச் சொல்லிச் சிரிக்க வெச்சார். டெக் மாநாடுகள்லயும் இன்னும் இந்த ஸ்லைடு வருது: "பாருங்க, புதுமையைக் கண்டு பயந்தவங்க."

சட்டத்தைப் படிச்சா வேற கதை. அந்தக் கொடிக்காரர் வேலை சும்மா நடக்கறது இல்ல. எதிர்ல குதிரையில வர்றவங்களை எச்சரிக்கணும். குதிரை வண்டி நீராவி வண்டியைக் கடந்து போக உதவி பண்ணணும். அதைவிட, குதிரையோட வர்ற யாரா இருந்தாலும் கையைத் தூக்கினா வண்டி அந்த இடத்துலயே நிக்கணும். சத்தமும் புகையும் விடற ஒரு புது சிஸ்டத்தை, ஏற்கெனவே ஓடிட்டு இருக்கிற சிஸ்டத்துக்குள்ள கொண்டு வந்தா, ரெண்டும் மோதாம இருக்கறது புதுசோட பொறுப்புன்னு அந்தச் சட்டம் சொல்லுது. ஒரு எஞ்சினியரா எனக்கு இதுல சிரிக்க எதுவும் தெரியல. வேக வரம்பு அநியாயத்துக்குக் குறைச்சல்தான், அதை ஒத்துக்கறேன்.

உடனே குதிரையை அப்பாவியாக்கிடவும் வேண்டாம். மூணு வருஷம் கழிச்சு, 1868 டிசம்பர்ல லண்டன்ல பார்லிமென்ட் பக்கத்துல உலகத்தோட முதல் டிராஃபிக் சிக்னல் வந்தது. ஜான் பீக் நைட்னு ஒரு ரயில்வே எஞ்சினியர் யோசனை. பகல்ல ரயில்வே மாதிரி கை ஏறி இறங்கும், ராத்திரி சிவப்பும் பச்சையும் கேஸ் விளக்கு. ஒரு மாசத்துக்குள்ள கேஸ் கசிஞ்சு வெடிச்சு, அதை இயக்கின போலீஸ்காரருக்குக் காயம். அப்ப ரோட்டுல கார் கிடையாது. அந்த சிக்னல் வெச்சதே குதிரை வண்டிகள்கிட்ட இருந்து நடக்கறவங்களைக் காப்பாத்தத்தான். அன்னைக்கு ரோட்டுல பெரிய ஆள் குதிரை.

அப்புறம் அதிகாரம் கை மாறினது வேகமா நடந்தது. 1896-ல இலகு வண்டிகளுக்குக் கொடிக்காரர் தேவை இல்லைன்னு ஆச்சு, வேக வரம்பு 14 மைல். 1903-ல 20. 1930-ல கார்களுக்கு வேக வரம்பையே எடுத்துட்டாங்க. அப்ப ரோட்டுல வருஷத்துக்கு 7,000 பேருக்கு மேல செத்துட்டு இருந்தாங்க. 1935-ல ஊர்ப் பகுதிகளுக்கு மணிக்கு 30 மைல்னு வரம்பு திரும்பி வந்தது. குதிரை இதுக்குள்ள ரோட்டுல விருந்தாளி ஆயிடுச்சு.

விருந்தாளிக்கு என்ன கிடைக்கும்? ஒரு போர்டு.

1963-ல வோர்பாய்ஸ் கமிட்டி அறிக்கை கொடுத்தது, 1965 ஜனவரியில பிரிட்டனோட புது ரோடு போர்டுகள் வந்தது. வடிவமைச்சவங்க ஜாக் கின்னியர், அவரோட மாணவியா இருந்து கூட்டாளியான மார்கரெட் கால்வர்ட். எச்சரிக்கைன்னா சிவப்பு ஓரம் வெச்ச முக்கோணம், உள்ள ஒரு கறுப்பு உருவம், எழுத்து எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறைவு. நம்ம நெடுஞ்சாலையில மாடு போட்ட சிவப்பு முக்கோணம் பார்த்திருப்பீங்களே, அதுவும் இதே ஜாதிதான். கால்வர்ட் வரைஞ்ச மாட்டுக்கு மாடலா இருந்தது அவங்க சொந்தக்காரங்க பண்ணையில இருந்த பேஷன்ஸ்ங்கிற பசு. தமிழ்ல பொறுமை. ரோட்டுல நிக்க வேண்டிய பேர்தான்.

குதிரையும் மேல ஒரு ஆளும் இருக்கிற முக்கோணம் இன்னைக்கு பிரிட்டன் கிராமங்கள்ல சாதாரணம். அழகான டிசைன். ஆனா ஒரு குறை இருக்கு. ராத்திரி பகலா ஆன்-கால் பார்க்கிற என்னை மாதிரி ஆளுங்களுக்கு அது உடனே புரியும். எப்பவும் எரியற அலர்ட்டை யாரும் பார்க்க மாட்டாங்க. காலை ஏழு மணிக்கு முப்பது குதிரை தாண்டும்போதும் அதே போர்டு. சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு குதிரைகூட இல்லாதபோதும் அதே போர்டு. நியூமார்க்கெட்ல புல்வெளி பயிற்சி மதியம் ஒரு மணியோட முடிஞ்சிடும், அப்புறம் ஊர் ஜனம் நாயைக் கூட்டிட்டு நடக்கப் போகும். தினமும் சாயங்காலம் அந்த வழியா கார் ஓட்டறவர் மூளை, மூணாவது வாரம் அந்த முக்கோணத்தை மியூட் பண்ணிடும். அவர் என்னைக்காவது ஒரு நாள் காலைல வரும்போதுதான் பிரச்சினை.

இதுக்குப் பதிலா வந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பொருள்: பெகாசஸ் கிராசிங். பிரிட்டிஷ்காரங்களுக்கு கிராசிங்குக்கு விலங்கு பேர் வைக்கிற வியாதி உண்டு. ஸீப்ரா, பெலிக்கன், பஃபின், டூக்கன், அந்த வரிசையில பெகாசஸ், கிரேக்கக் கதையில வர்ற பறக்கும் குதிரை. பார்க்க சாதாரண சிக்னல் மாதிரிதான். நடக்கற மனுஷன் பொம்மைக்குப் பதிலா குதிரையும் ஆளும் சிவப்புலயும் பச்சையிலயும் எரியும். விஷயம் பட்டன்ல இருக்கு. பட்டனைக் கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரத்துல வெச்சிருப்பாங்க. சேணத்துல உட்கார்ந்தபடியே அழுத்தணும், ஏன்னா நடு ரோட்டோரம் இறங்கி ஏறறதுதான் ரொம்ப ஆபத்து. அதோட கம்பத்தை ரோட்டு ஓரத்துல இருந்து தள்ளி வைக்கணும். நாம பட்டன் அழுத்தும்போது நம்ம மூக்கு நம்மகூடதான் இருக்கும். குதிரைக்காரர் பட்டன்கிட்ட இருந்தா குதிரையோட தலை அவருக்கு ரொம்ப முன்னாடி இருக்கும். ரோட்டோரத்துலயே பட்டன் வெச்சா, அழுத்தற நேரத்துல குதிரை மூஞ்சி லாரிக்கு முன்னாடி. ரெண்டு பக்கமும் வேலி, பாதையும் அகலம், பயந்தாலும் பக்கத்துல நடக்கறவங்க மேல சாயாம இருக்க.

ஒரு இன்டர்ஃபேஸ், ரெண்டு யூசர். ஒருத்தருக்குப் படிக்கத் தெரியும், இன்னொருத்தருக்கு சிவப்பும் பச்சையும் வித்தியாசமே சரியாத் தெரியாது. குதிரைக் கண்ணு அப்படி. இதை வடிவமைச்சவங்க யாரோ நிஜமாவே குதிரை மேல உட்கார்ந்து பார்த்திருக்கணும்னு எனக்குத் தோணும்.

அப்ப எல்லா இடத்துலயும் இதைப் போட்டுடலாமேன்னு கேட்பீங்க. நியூமார்க்கெட்ல ஒரு கிராசிங் விவகாரம் அமைச்சர் மேஜை வரைக்கும் போச்சு. ஊர் ஓரத்துல ஹாட்ச்ஃபீல்ட் ஃபார்ம்னு ஒரு நிலம். அங்க 400 வீடு கட்ட விண்ணப்பம். நிலத்துக்காரர் டார்பி பிரபு, ஆமா, டார்பி பந்தயத்துக்கே பேர் கொடுத்த அதே வம்சம். எதிர்த்தது ஊர்க் குதிரைத் தொழில்காரங்க. 400 வீடுன்னா எத்தனை கார், அந்தக் கார் எல்லாம் ஃபோர்டம் ரோட்டுல வரும், ரேய்ஸ் லேன் பக்கம் குதிரை தாண்டற இடத்துல என்ன ஆகும்னு கேட்டாங்க. 2016-ல அமைச்சர் அனுமதி மறுத்தார். 2017-ல உயர் நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து பண்ணுச்சு. 2020 மார்ச்ல அனுமதி கிடைச்சது. ரேய்ஸ் லேன் கிராசிங்கை எப்படி மேம்படுத்தறதுங்கறது அந்த வாதம் முழுக்க நடுவுல இருந்தது.

இதுல யார் பக்கம்னு கேட்டா எனக்குச் சட்டுனு பதில் வராது. குதிரைத் தொழில் போனா அந்த ஊரே இல்ல. ஆனா குதிரை ஓட்டற அண்ணன் நாலு பேரோட ஒரு வீட்டைப் பகிர்ந்து இருந்தார். நானும் அந்த ஊருக்கு வந்ததே வாடகை தாங்காமதான். வீடு வேணும்னு கேட்கிறவங்களை ஊருக்கு எதிரின்னு சொல்ல எனக்கு மனசு வரல. வீட்டைத் தடுக்கறதைவிட கிராசிங்கைச் சரியாக் கட்டறதுக்கு அந்தச் சண்டையைப் போட்டிருக்கலாம்னு நினைக்கிறேன்.

2022 ஜனவரி 29-ல பிரிட்டன் ஹைவே கோடு மாறினது. யாரால அதிக சேதம் ஆகுமோ அவங்களுக்கே அதிகப் பொறுப்புன்னு மேலேயே எழுதிட்டாங்க. குதிரையைக் கடக்கும்போது மணிக்கு 10 மைலுக்குக் கீழ, குறைஞ்சது 2 மீட்டர் இடைவெளி. 2016-ல இருந்து பிரிட்டிஷ் குதிரைச் சங்கம் 'டெட் ஸ்லோ'ங்கிற பேர்ல பிரசாரம் பண்ணிட்டு வந்ததும் மெதுவா, தள்ளிப் போங்கன்னுதான். அண்ணன்கிட்ட கேட்டேன், இந்த விதி வந்தப்புறம் மாறிச்சான்னு. "தெரிஞ்சவன் நிக்கிறான். தெரியாதவன் ஹாரன் அடிக்கிறான். நம்ம ஊர்ல இருந்து புதுசா வந்தவன்னா கண்டிப்பா ஹாரன்"னு சிரிச்சார். நான் லைசென்ஸ் இல்லாத பஸ் பயணிங்கறதால தப்பிச்சேன்.

கிளம்பறதுக்கு முந்தின வாரம், காலைல பஸ் மறுபடி நின்னது. அந்த இடத்துல பட்டனும் இல்ல, விளக்கும் இல்ல. முன்னாடி இருந்தவர் கையைத் தூக்கினார், டிரைவர் நிறுத்தினார். கடைசிக்கு முந்தின குதிரையில அண்ணன், கட்டு அவிழ்த்தாச்சு. பஸ்ஸைப் பார்த்துத் தலையை ஆட்டினார். என்னைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்ல, ஆனா நானும் ஆட்டினேன்.

ஸ்டாண்ட்-அப்புக்கு ஏழு நிமிஷம் லேட். அடுத்த எபிசோட்ல ஸீப்ரா கிராசிங்குக்குப் பக்கத்துல நிக்கிற அந்த மஞ்சள் உருண்டை விளக்கு பத்திப் பேசலாம், அதுக்கு ஒரு அமைச்சரோட பேர். திருத்தம் ஏதாவது இருந்தா வழக்கம்போல மெயில் பண்ணுங்க.