கவிஞர் பெயரால் ஒரு கறி

பன்றியின் வயிற்றிறைச்சியைக் காராமணி வற்றலோடு சோயா சாஸில் மெல்ல வேகவைக்கும் சீனக் கறியின் வேரைத் தேடினால், நாம் சூ ஷி (1037–1101) என்னும் கவிஞரிடம் வந்து நிற்போம். அரசைப் பழித்தாரென 1079இல் சிறையிட்டனர், கவிதைகளே சான்று! அடுத்த ஆண்டு ஹுவாங்சோவுக்குத் துரத்தப்பட்டார். அங்கே தாமே உழுத கிழக்குச் சரிவே ‘டோங்போ’ என்ற புனைபெயராயிற்று. மலிவான பன்றியிறைச்சியைச் சிறுதீயில், குறைந்த நீரில் பதப்படுத்துவதையும் பாடினார். சோயாவும் வற்றலும் அப்பாட்டில் இல்லை. கோடைக் காய்களை உலர்த்திச் சேமித்த உழவர் வீடுகளின் கொடை அவ்வற்றல்; கொழுப்பையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். இறைச்சியைவிட அதற்கே சுவை மிகுதி என்போம். 1103இல் அவர் நூல்களின் அச்சுப்பலகைகளை அழிக்க அரசாணை பிறந்தது. ஹாங்சோவிலோ இன்றும் ‘டோங்போ இறைச்சி’ பரிமாறப்படுகிறது.