வழக்குக்கு மாற்றாகத் தொழிற்பயிற்சி: அமெரிக்க அனுபவம் குறித்து ஒரு மறுபரிசீலனை

முதன்முறை கைதாகும் இளைஞரை நீதிமன்றத்தில் நிறுத்தாமல் தொழிற்பயிற்சிக்கும் வழிகாட்டியிடமும் அனுப்பும் திட்டங்கள் அமெரிக்காவில் அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டன. பயிற்சியே இளைஞரைத் திருத்துகிறது என்ற நம்பிக்கையில்தான் அவை பரவின. கிடைக்கும் சான்றுகளோ வேறொன்றைச் சொல்வதாக நான் கருதுகிறேன். இத்திட்டங்களால் விளையும் நன்மையில் பெரும்பங்கு, குற்றப் பதிவு இளைஞர்மேல் ஒட்டாமல் போவதால் வருகிறது. எனவே விடுதலைக்கு விலையாகப் பயிற்சியை வைப்பது தவறு.

வீரா நீதி நிறுவனம் 1968-இல் நியூயார்க்கில் தொடங்கிய மன்ஹாட்டன் நீதிமன்ற வேலைவாய்ப்புத் திட்டம் இவ்வகையில் முன்னோடி. வழக்கு மூன்று மாதம் ஒத்திவைக்கப்படும். அதற்குள் இளைஞர் வேலையிலோ பயிற்சியிலோ நிலைபெற்றால், அரசு வழக்கறிஞரின் ஒப்புதலோடு வழக்கு தள்ளுபடியாகும். இளைஞர்களோடு உடன் நின்ற பணியாளர்களில் பலர் தாமே சிறை சென்று மீண்டவர்கள். விடுதலையானவனுக்கு முதலாளியின் வாசலில் என்ன நடக்கும் என்பதை அவர்கள் பட்டு அறிந்திருந்தார்கள். இத்திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான். பின்னாளில் வந்த பல திட்டங்கள் இதைக் கைவிட்டது பேரிழப்பு.

தொடக்ககால அறிக்கைகள் வெற்றியையே பேசின. ஆனால் அவை திட்டத்தை முடித்தவர்களை முடிக்காதவர்களோடு ஒப்பிட்டன. விடாமுயற்சி உள்ளவர்தான் முடிக்கிறார் என்னும்போது அந்த ஒப்பீடு எதை அளக்கிறது? சட்ட அறிஞர் ஃபிராங்க்ளின் சிம்ரிங் 1974-இலேயே இத்தகைய அளவீட்டுச் சிக்கலை விரிவாக ஆராய்ந்தார். பின்னர் 1977-இல் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் சோதனை தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் மறு கைதிலோ வேலைநிலையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. சேராதவர்களிலும் பலருடைய வழக்குகள் எப்படியும் தள்ளுபடியாகியிருந்தன. அதாவது, தானாகவே விடுபட்டிருக்கக்கூடியவர்களைத் திட்டம் தன் கண்காணிப்புக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. 1975-இன் நிதி நெருக்கடியில் தள்ளாடிய நகரத்தில் பயிற்சி பெற்றவனுக்கும் வேலை அரிதாகவே இருந்திருக்கும் என்பதையும் நான் கணக்கில் எடுப்பேன்.

இதைவிட நம் வாசகர்களுக்கு நெருக்கமான பெயர் கமலா ஹாரிஸ். அவர் சான் பிரான்சிஸ்கோவின் மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்தபோது, 2005-இல் ‘பேக் ஆன் டிராக்’ திட்டத்தைக் கொண்டுவந்தார். முதன்முறை போதைப்பொருள் விற்றுப் பிடிபட்ட, வன்முறைப் பின்னணி இல்லாத இளைஞர்களுக்கானது அது. ஓராண்டுக்கும் மேலாகப் படிப்பு, வேலை, சமூகப் பணி எல்லாம் உண்டு. முடித்தவர்களில் 10 விழுக்காட்டினருக்கும் குறைவானவர்களே மீண்டும் குற்றத்தில் சிக்கினார்கள் என்று அலுவலகம் சொன்னது. முடித்தவர்களை மட்டும் எண்ணும் பழைய குறை இங்கும் இருக்கிறது. அதைவிடக் கவலை தருவது நுழைவு நிபந்தனை. முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், தீர்ப்பு தள்ளிவைக்கப்படும், இடையில் தவறினால் அந்த ஒப்புதலே தண்டனைக்கு அடிப்படையாகும். குடியுரிமை இல்லாதவருக்கு ஆபத்து இன்னும் பெரிது. 1996-இன் கூட்டாட்சிக் குடிவரவுச் சட்டத்தின்படி, இத்தகைய ஒப்புதலோடு கட்டுப்பாடும் விதிக்கப்பட்டால் அது தண்டனைத் தீர்ப்பாகவே கொள்ளப்படும். உள்ளூர் நீதிமன்றம் பின்னர் அதை நீக்கினாலும் நாடுகடத்தல் அச்சம் நீங்காது.

குற்றப் பதிவு விளைவிக்கும் கேட்டை டெவா பேஜர் 2003-இல் வெளியிட்ட மில்வாக்கி ஆய்வு காட்டியது. ஒரே தகுதியுள்ள விண்ணப்பதாரர்களில், சிறைப் பதிவு இல்லாத வெள்ளையரை 34 விழுக்காடு முதலாளிகள் திரும்ப அழைத்தார்கள். பதிவு இருந்தால் 17 விழுக்காடு. கறுப்பினத்தவருக்கு இது 14, 5. பதிவே இல்லாத கறுப்பின இளைஞனைவிடச் சிறை சென்ற வெள்ளையனுக்கு வாய்ப்பு அதிகம். எத்தனை மாதப் பயிற்சி இந்தப் பள்ளத்தை நிரப்பும்?

ஹூஸ்டன் நகரை உள்ளடக்கிய ஹாரிஸ் மாவட்டத்தில் தீர்ப்பு தள்ளிவைக்கப்பட்டவர்களை ஆராய்ந்த முல்லர்-ஸ்மித், ஷ்நெப்பல் இருவரும், பத்தாண்டில் மறுகுற்றம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததையும் வேலைவாய்ப்பு உயர்ந்ததையும் கண்டார்கள். அது தொழிற்பயிற்சியை மையமாகக் கொண்ட ஏற்பாடு அல்ல. பாஸ்டன் நகரைக் கொண்ட சஃபோக் மாவட்டச் சான்று இன்னும் கூர்மையானது. வன்முறையற்ற சிறு குற்றங்களில், வழக்கு தொடுப்பதா விடுவதா என்ற எல்லைக்கோட்டில் நின்றவர்கள்மேல் வழக்கே தொடுக்காதபோது, இரண்டாண்டுக்குள் புதிய குற்றச்சாட்டு வரும் வாய்ப்பு 53 விழுக்காடு குறைந்தது. அங்கே எந்த நிபந்தனையும் இல்லை.

கட்டாயம் இல்லாவிட்டால் பயிற்சிக்கு யார் வருவார்கள் என்று கேட்கலாம். சிலர் வரமாட்டார்கள், உண்மைதான். ஆனால் வகுப்புக்கு வராத பத்தொன்பது வயதுக்காரனைப் பிடிவாரண்டோடு தேடுவதால் அவனுக்கு வேலை கிடைத்துவிடாது. அவன் வராததற்கு வீட்டில் நோயாளி இருக்கலாம், பேருந்துக் காசு இல்லாமல் இருக்கலாம். 1968-இன் பணியாளர்களைப் போன்ற ஒருவர் வீடு தேடிப் போனால்தான் அது தெரியவரும். அந்தப் பணியாளரிடமே அவன் வருகைக் கணக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பும் பொறுப்பையும் கொடுத்தால், பையன் அவரிடம் உண்மையைச் சொல்லமாட்டான். ஆகவே வழக்கை முதலில் கைவிட வேண்டும். வழிகாட்டியை நீதிமன்றச் சம்பளப்பட்டியலிலிருந்து எடுத்து, வழக்கு முடிந்த பிறகும் அவன் தேடிப்போகக்கூடிய ஓர் இடத்தில் அமர்த்த வேண்டும்.