கதை மாந்தரும் அவர்தம் அன்பரும்

ஸ்ரீரங்கம் பெரிய கோயிலின் திருச்சுற்றுகளுள் ஒன்று குலசேகரன் திருவீதி என்று பெயர் பெற்றிருக்கிறது. சேர நாட்டை ஆண்ட குலசேகர ஆழ்வாரின் பெயர் அது. அவரைப் பற்றிக் குருபரம்பரை நூல்கள் கூறும் வரலாறு ஒன்று உண்டு. இராமாயணம் சொல்லுவித்துக் கேட்பது அவருக்கு வழக்கம். ஒருநாள், கரன் முதலிய 14,000 அரக்கரை எதிர்த்து இராமன் தன்னந்தனியே நின்றான் என்ற கட்டம் வந்தது. கேட்டுக்கொண்டிருந்த அரசர் அது என்றோ நடந்து முடிந்த கதை என்பதை மறந்தார். படைத்தலைவரை அழைத்து, இராமனுக்குத் துணையாகச் சேனை உடனே புறப்படட்டும் என்று ஆணையிட்டார். கதை சொன்னவர் பதறிப்போய், இராமன் ஒருவனாகவே வென்றுவிட்டான் என்று சொல்லி முடித்த பின்னரே படை நின்றதாம்.

இதனைப் பக்தியின் எல்லை என்பர் வைணவப் பெரியோர். இலக்கிய வரலாறு பயிலும் மாணவர்கள் இதில் மற்றொன்றையும் காணலாம். கேட்பவன் கதைக்கு வெளியே நிற்க மறுக்கிறான். உள்ளே புகுந்து, தனக்கு உகந்த மாந்தருக்காகத் தானும் ஏதாவது செய்யத் துடிக்கிறான். இன்று தொலைக்காட்சித் தொடர்களின் பாத்திரங்களுக்காக இளைஞர் உருகுவதையும் இரவெல்லாம் வாதிடுவதையும் கண்டு, இஃது இக்காலத்துப் பித்து என்று முகம் சுளிப்போர் உண்டு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இத்தீவின் வரலாற்றை அவர்கள் மறந்துவிட்டனர் என்றே கொள்ள வேண்டும்.

அதே கோயிலில், தாயார் சந்நிதியின் எதிரில் கம்பர் மண்டபம் இருக்கிறது. கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றிய இடம் என்பது மரபு. அவையில் இருந்தோர் இராமகதையை வரி வரியாக அறிந்தவர்கள். வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் பாடியபோது, மூலத்தில் இல்லாததை எப்படிச் சேர்க்கலாம் என்று தடை எழுப்பினர். அருகே மேட்டில் எழுந்தருளியுள்ள அழகிய சிங்கரே தலையசைத்து ஒப்புதல் தந்தார் என்பது செவிவழிச் செய்தி. செய்தியின் உண்மை எவ்வாறாயினும், தடை எழுப்பியோரின் குரல் நமக்கு மிகவும் பழக்கமான குரல். தாம் நேசிக்கும் கதையின் ஓரெழுத்தும் மாறலாகாது என்னும் அன்பரின் குரல் அது.

அச்சு இயந்திரமும் வார இதழும் வந்த பின்னர் இந்த அன்பு வேறொரு வடிவம் கொண்டது. திருச்சிராப்பள்ளி நேஷனல் உயர்நிலைப் பள்ளியில் பயின்று, 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பைக் கேட்டுப் படிப்பைத் துறந்த மாணவர் ஒருவர், பின்னாளில் கல்கி என்ற பெயரில் எழுதினார். அவருடைய ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் தொடங்கி ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் வெளிவந்தது. மணியத்தின் ஓவியங்களோடு அப்பக்கங்களைச் சேர்த்துத் தைத்து, பைண்டு செய்து காத்தவர்கள் தமிழ்நாடெங்கும் இருந்தனர். வந்தியத்தேவன் என்ற வாணர் குலத்து இளைஞன் ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக் கரையில் குதிரையேறி வருகிறான். அவசரக்காரன், அடிக்கடி தவறு செய்பவன், ஆனால் மனத்தில் கள்ளமற்றவன். வரலாற்றில் அவனுக்கு உள்ள ஆதாரம் மிகச் சிறிது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, குந்தவைப் பிராட்டியை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குறிப்பிடுகிறது. இத்தகைய சிறு குறிப்பிலிருந்து எழுந்த ஒருவனைத் தம் வீட்டுப் பிள்ளை போல் நேசித்தனர் வாசகர்.

வாரம் ஒரு முறை என்ற இடைவெளியே இதற்குக் காரணம் எனலாம். புத்தகத்தை ஒரே இரவில் படித்து மூடிவிடலாம். தொடர்கதையோ ஆறு நாட்கள் வாசகனிடமே விடப்படுகிறது. அந்த ஆறு நாட்களில் கதையை அவனே தன் மனத்தில் எழுதுகிறான். ஆகவே ஆசிரியர் ‘முற்றும்’ என்று எழுதும்போது, தன்னைக் கேளாமல் எப்படி முடிக்கலாம் என்று அவனுக்குத் தோன்றுகிறது. இதைக் கல்கியே அறிந்திருந்தார். கதை முடிந்தபின் அவர் எழுதிய முடிவுரையில், குந்தவையின் திருமணம் முதலாகப் பல பாத்திரங்களின் பிற்கால வாழ்வைப் பற்றிய வினாக்களை எடுத்துக்கொண்டு விடை கூறுகிறார். பெரிய நாவலாசிரியர் ஒருவர் தம் வாசகருக்குக் கணக்கு ஒப்படைத்த காட்சி அது. அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அவர் மறைந்தார். வந்தியத்தேவன் மறையவில்லை. கதை அதே இதழில் மீண்டும் மீண்டும் தொடராக வந்தது. 2022-இலும் 2023-இலும் திரைப்படமானபோது, மூலத்தில் உள்ளது எது, இல்லாதது எது என்று கம்பர் மண்டபத்து வழக்கு மறுபடியும் நடந்தது.

ஈண்டு ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். நடிகரிடம் கொள்ளும் பற்று வேறு. திருச்சியில் வளர்ந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944 முதல் மூன்று தீபாவளிகளைச் சென்னை பிராட்வே அரங்கில் கண்டது. மக்கள் அங்கே தேடிச் சென்றது பாகவதரின் குரலையே. பாத்திரத்தின் அன்பருக்கோ நடிகர் இரண்டாம் பட்சம். சில வேளைகளில் ஆசிரியரே இரண்டாம் பட்சம்! கானன் டாயில் 1893-இல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் வீழ்த்திக் கதையை முடித்தார், வாசகர் ஓயவில்லை, 1903-இல் அவனை உயிரோடு திருப்பித் தர நேர்ந்தது. அமெரிக்காவில் ‘ஸ்டார் டிரெக்’ என்ற விண்வெளித் தொடர் நின்றுபோகும் என்ற அச்சம் எழுந்தபோது நேயர்கள் கடிதங்களைக் குவித்தனர். 1968-இல் அதற்கு மூன்றாம் ஆண்டு கிடைத்தது. 1969-இல் நின்றும், 1979-இல் திரைப்படமாக எழுந்தது.

ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பயின்ற ரங்கராஜன், சுஜாதா என்ற பெயரில் 1968-இல் ‘நைலான் கயிறு’ எழுதினார். வழக்கறிஞன் கணேஷ் அதில் அறிமுகமானான். பின்னர் உதவியாளன் வசந்த் வந்து சேர்ந்தான். ஒரு கதையோடு முடியாமல் கதைக்குக் கதை திரும்பி வந்தமையால் இவ்விருவரும் வாசகருக்கு நண்பராயினர். ‘என் இனிய இயந்திரா’வில் வரும் இயந்திர நாய் ஜீனோவின் பெயரோ, தொடர்ந்து வந்த ‘மீண்டும் ஜீனோ’வின் தலைப்பிலேயே ஏறிவிட்டது. சுஜாதா 2008-இல் காலமானார். கணேஷ் எத்தகைய தோற்றமுடையவன் என்பதில் இரு வாசகர் இன்றும் ஒத்துப்போவது அரிது.

1987 ஜனவரி 25 அன்று தூர்தர்ஷனில் இராமானந்த சாகரின் ‘இராமாயணம்’ தொடங்கியது. ஞாயிறு காலையில் தெருக்கள் வெறிச்சோடின. பெட்டிக்கு மாலை சூட்டியவர்களும் உண்டு. இந்தி அறியாத தமிழ் வீடுகளிலும் பார்த்தனர். கதை தெரிந்தவருக்கு மொழி என்ன தடை? முடிசூட்டு விழாவோடு 1988-இல் தொடர் முடிந்தபோது, வான்மீகி முனிவரைத் தம் குலமுதல்வராகப் போற்றும் ஜலந்தர் நகரத்துத் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அம்முனிவரின் ஆசிரமத்தில் சீதை வாழ்ந்ததைக் கூறும் உத்தரகாண்டமும் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அது தனித் தொடராகவே எடுக்கப்பட்டது. முடிசூட்டோடு நிறுத்திக்கொண்டவர் கம்பரும்தான். தமிழிலும் உத்தரகாண்டம் தனியே எழுந்தது. அதனை ஒட்டக்கூத்தர் பாடியதாகக் கூறுவர்.