ஒளியிழையில் எத்தனை கூடைகள்?

வங்கியில் நீங்கள் செலுத்தும் பணத்தின் கணக்கு, கணிப்பொறியுடன் இணைந்த தனிச் சேமிப்புக் கருவியில் பதிவாகிறது. கணிப்பொறிக்கும் அக்கருவிக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கலாம்? இக்கேள்விக்கான விடை காலத்திற்குக் காலம் மாறி வந்திருக்கிறது.

1964-இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த ‘சிஸ்டம் 360’ கணிப்பொறிகளில் தடித்த செப்பு வடங்களே பயன்பட்டன. அவற்றின் எல்லை சில நூறு அடிதான். வடத்திலுள்ள பல கம்பிகளில் ஒன்றாகப் புறப்படும் மின் துடிப்புகள், தூரம் கூடினால் ஒன்றாகப் போய்ச் சேருவதில்லை. 1986-இல் தரநிலை பெற்ற ‘ஸ்கஸி’ முறையில் நிலைமை இன்னும் மோசம்: சாதாரண வடமானால் 6 மீட்டர்தான். 1990-இல் ஐ.பி.எம். ‘எஸ்கான்’ முறையைக் கொண்டு வந்தது. துடிப்புகளை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஒளியிழையில் அனுப்பியதால் தூரம் கிலோமீட்டர் கணக்கில் நீண்டது.

இதற்கு முன்பே, 1988-இல், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஒரு முறையை வகுக்கும் பணி அமெரிக்காவில் தொடங்கியிருந்தது. 1994-இல் தரநிலையாக ஏற்கப்பட்ட அதன் பெயர் ‘ஃபைபர் சேனல்’. செப்புக் கம்பியிலும் இது இயங்கும் என்பதால், ஒளியிழையிலிருந்து வேறுபடுத்திக் காட்ட ஆங்கிலத்தில் ‘ஃபைபர்’ என்ற சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றி எழுதினார்கள். தமிழில் எழுதும் நமக்கு அந்தத் தொல்லை இல்லை!

இம்முறையில் கணிப்பொறிகளும் சேமிப்புக் கருவிகளும் சுவிட்ச் என்னும் பெட்டியில் வந்து கூடுகின்றன. பெட்டியின் முகப்பில் வரிசையாக உள்ள இணைப்பு வாய்கள்தாம் போர்ட்டுகள். பார்வைக்கு எல்லாம் ஒன்றே. ஆனால் மறுமுனையில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றும் வேறு வேடம் பூணுகிறது. கணிப்பொறி இருந்தால் ‘எஃப்’ வகை. இன்னொரு சுவிட்ச் இருந்தால் ‘ஈ’ வகை. பல சுவிட்சுகள் பின்னிய வலைக்கு ‘ஃபேப்ரிக்’, அதாவது துணி, என்று பெயர். இந்த வேடத்தைப் பெரும்பாலும் போர்ட் தானே கண்டறிந்து கொள்ளும். தூரத்தைப் பற்றிய ஒரு செய்தியை மட்டும் பொதுவாக மனிதன்தான் சொல்லித் தரவேண்டும். அதில்தான் நம் இயற்பியல் வருகிறது.

வீடு கட்டுமிடத்தில் மணல் கூடைகள் கைமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே சென்ற கூடை காலியாகத் திரும்பினால்தான் கீழே இருப்பவர் மீண்டும் மணல் அள்ள முடியும். கூடைகள் குறைவாக இருந்து தூரம் அதிகமானால், அவர் கைகட்டி நிற்க வேண்டியதுதான். ஃபைபர் சேனலிலும் இதே ஏற்பாடு. தகவல் ‘ஃபிரேம்’ என்னும் பொட்டலங்களாகச் செல்கிறது. இத்தனை பொட்டலங்களுக்கு என்னிடம் இடமுண்டு என்று மறுமுனை முன்கூட்டியே தெரிவிக்கும். இதற்குக் ‘கிரெடிட்’ என்று பெயர். கிரெடிட் தீர்ந்தால் அனுப்புபவர் நிறுத்திவிட வேண்டும். ‘இடம் காலி’ என்ற குறிப்பு ஒன்று திரும்பினால்தான் அடுத்த பொட்டலம் புறப்படும். பொட்டலம் வழிந்து வீணாகாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

இப்போது கணக்கிடுவோம். மிகப் பெரிய பொட்டலம் 2,148 பைட். தொடக்க கால முறையில் ஒரு பைட்டுக்கு 10 துடிப்புகள். ஆக 21,480 துடிப்புகள். ஒரு கிகாபிட் இணைப்பில் வினாடிக்கு 106.25 கோடி துடிப்புகள் செல்லும். எனவே ஒரு பொட்டலம் வெளியேற ஏறத்தாழ 20 மைக்ரோ வினாடி. கண்ணாடியில் ஒளி ஒரு கிலோமீட்டர் செல்ல 5 மைக்ரோ வினாடி ஆகிறது. அப்படியானால் அந்த ஒரு பொட்டலம் இழையில் 4 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும்! புகைவண்டியைவிட நீளம்.

இரு நகரங்களுக்கிடையே 100 கிலோமீட்டர் இழை இருப்பதாகக் கொள்வோம். போய்வர 1,000 மைக்ரோ வினாடி. இழை ஓய்வின்றி இயங்க சுமார் 50 கிரெடிட் வேண்டும். போர்ட்டில் 8 மட்டுமே வைத்திருந்தால்? நூறில் பதினாறு பங்கு நேரம்தான் வேலை. மீதி நேரம் காத்திருப்பு. பச்சை விளக்கு எரியும். பிழை எதுவும் பதிவாகாது.

வேகமான சுவிட்சை வாங்கிப் போட்டால் சரியாகுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. 8 கிகாபிட்டில் பொட்டலத்தின் நீளம் அரைக் கிலோமீட்டராகச் சுருங்கும். ஆனால் ஒளியின் வேகம் மாறவில்லை. எட்டுப் பொட்டலங்கள் போய்வர அதே 1,000 மைக்ரோ வினாடிதான். முன்பும் வினாடிக்கு ஏறத்தாழ 17 மெகாபைட், இப்போதும் அதே. செலவழித்த பணம் முழுவதும் வீண். இழையை நிரப்ப இப்போது 400 கிரெடிட் தேவை.

2001 செப்டம்பர் 11-இல் நியூயார்க்கின் உலக வர்த்தக மையம் தகர்க்கப்பட்ட பிறகு இக்கணக்கின் முக்கியத்துவம் கூடியது. 2003-இல் அமெரிக்காவின் மத்திய ரிசர்வ் உள்ளிட்ட அமைப்புகள் பெரிய நிதி நிறுவனங்களுக்கு ஒரு நெறிமுறை வெளியிட்டன. மாற்று மையம், முதல் மையம் நம்பியிருக்கும் அதே மின்சாரத்தையும் குடிநீரையும் போக்குவரத்தையும் நம்பியிருக்கக் கூடாது என்றது அது. அதாவது, கணக்குகளின் நகல் தொலைவில் இருக்க வேண்டும். தேங்கி நிற்கும் இணைப்பில் நகல் பின்தங்கிக்கொண்டே போகும்; அந்நேரம் முதல் மையம் அழிந்தால் இன்னும் வந்து சேராத வரவுகளும் அதனோடு போய்விடும்.

இன்றைய சுவிட்சுகள் பலவற்றில் தூரத்தைக் கிலோமீட்டரில் கொடுத்தால் போதும். கிரெடிட்டை அவையே ஒதுக்கிவிடுகின்றன. கொடுக்க வேண்டியது நிலப்படத்தில் அளந்த தூரம் அன்று, சாலையோரமாக வளைந்து செல்லும் இழையின் நீளம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கிரெடிட் பொட்டலத்தைத்தான் எண்ணுகிறது, பைட்டை அன்று. பாதி நிறைந்த கூடையும் ஒரு கூடைதானே! பொட்டலங்கள் சராசரியாகப் பாதியளவே இருந்தால், மேலே சொன்ன 400 என்பதை 800 ஆகக் கொள்ள வேண்டும்.