காடியும் காரமும்

புதுவைக்கு வடமேற்கே சேதராப்பட்டு என்று ஓர் ஊர் உண்டு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அவ்வட்டாரம் கடலடியாக இருந்தது. புதுவைப் பகுதியின் சுண்ணாம்புப் பாறைகளில் புதைந்துள்ள சிப்பிகளையும் சங்குகளையும் பற்றி எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் பிரிட்டிஷ் அறிஞர் 1846ஆம் ஆண்டில் விரிவாக எழுதினார். அத்தகைய கல்லொன்றின் மேல் சிறிது காடியை விட்டால் குமிழிகள் பொங்கி எழும். காடி என்பது கள்ளோ திராட்சை மதுவோ புளித்துக் கிடைப்பது. ‘வினிகர்’ என்ற பெயரே புளித்த மது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்ததாகும்.

வெந்நீர்த் தவலையின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவும் பெரும்பாலும் அச்சுண்ணாம்புக் கல்லின் இனந்தான். ஆதலால் காடி அதனைக் கரைக்கிறது. அதே காரணத்தால் சலவைக்கல் தரையையும் அது அரித்துவிடும். நம் பாட்டிமார் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கியதும் புளிப்பின் துணைகொண்டே; பித்தளையில் ஏறிய களிம்பைப் புளி கரைத்துவிடும்.

எண்ணெய்ப் பிசுக்கிடம் புளிப்பு செல்லாது. அதற்குக் காரம் வேண்டும். அடுப்புச் சாம்பலும் உவர்மண்ணும் காரப் பொருள்கள். துணியை உவர்மண்ணில் தோய்த்து, வெள்ளாவி வைத்து வெளுத்த தொழிலாளரின் கைத்திறனை நம்பியே சோழமண்டலக் கரையின் துணி வாணிகம் தழைத்தது. சென்னையின் வண்ணாரப்பேட்டை அவர்களால் பெயர் பெற்றது. புதுவையின் நீலத் துணி ஆப்பிரிக்காவின் செனகல் வரை சென்றது. ஆயினும் வரலாற்று நூல்களில் நாம் காண்பவை பெரும்பாலும் வணிகர் பெயர்களே!

ஐரோப்பாவிலோ செடிகளையும் கடற்பாசியையும் எரித்துத்தான் காரம் எடுத்தனர். அது போதவில்லை. உப்பிலிருந்து சோடா செய்பவருக்குப் பரிசு தருவதாகப் பிரெஞ்சு அறிவியல் கழகம் 1775இல் அறிவித்தது. நிக்கோலா லெபிளாங்க் வழி கண்டு 1791இல் உரிமம் பெற்றார். பரிசு மட்டும் அவருக்குக் கிட்டவில்லை. புரட்சியில் தொழிற்சாலையையும் இழந்து, 1806இல் வறுமையில் மாண்டார். அவர் காலத்தவரான பெர்த்தொலே, குளோரின் துணியை வெளுக்கும் என்று 1785இல் காட்டினார். பாரிசை அடுத்த ழவேலில் அதனைக் கொண்டு செய்த நீரின் வழிவந்ததே இன்று கடைகளில் விற்கும் வெளுப்பு நீர். மது காடியாவது நுண்ணுயிரின் வேலை என்பதை லூயி பாஸ்டர் 1868ஆம் ஆண்டின் நூலில் விளக்கினார்.

இப்பொருள்களைக் கலந்தால் ஆற்றல் பெருகும் என்று சிலர் எண்ணுகின்றனர். காடியையும் ஆப்பச் சோடாவையும் கலந்தால் நுரை பொங்கும். பிறகு எஞ்சுவது பெரும்பாலும் உப்பு நீரே. வேடிக்கைக்கு அது போதும், அழுக்குக்குப் போதாது. ஆனால் வெளுப்பு நீரோடு காடியைச் சேர்ப்பது வேடிக்கையன்று. குளோரின் வாயு வெளிப்படும். 1915 ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் ஜெர்மானியப் படை ஏவிய நச்சுவாயு அதுவே. மூடிய குளியலறையில் அதன் மணம் எழுந்தால், உடனே வெளியேறித் தூய காற்றுக்கு வந்துவிட வேண்டும். அறையைக் கழுவும் வேலை பின்னர் ஆகட்டும்.