தீப்பொறி நலிவு (பழைய பெட்ரோல் கார்கள்)

பாயிண்ட் வைத்த பழைய பெட்ரோல் கார்களில், செல்ஃப் சுற்றியும் எஞ்சின் பிடிக்காமல் போகச் செய்யும் இக்னிஷன் கோளாறு இது. பட்டறைப் பேச்சில் ‘ஸ்பார்க் வீக்’. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பல பத்தாண்டுகள் ஓடிய 1489 சிசி அம்பாசடர், பிரிமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மூன்றும் உருவத்தில்தான் வேறு. தீப்பொறி பிறக்கும் விதம் ஒன்றே. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் கார்களுக்குக் கொண்டுவந்த ஏற்பாடு அது.

திறந்து மூடும் சுவிட்சான பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரி மின்சாரம் காயிலின் முதல் சுற்றில் ஓடிக் காந்தப்புலத்தை உண்டாக்கும். பாயிண்ட் திறந்ததும் புலம் சட்டென்று சரிய, இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும். டிஸ்ட்ரிபியூட்டர் அதை முறைப்படி ஒவ்வொரு பிளக்குக்கும் அனுப்பும். பாயிண்ட் நுனியில் மின்சாரம் பொறிந்து வீணாகாமல் தடுத்து, அந்தச் சரிவைக் கூர்மையாக்குவது கண்டன்சர்.

ஓடும்போது நன்றாக இருக்கும் தீப்பொறி, ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நலிவது ஏன்? செல்ஃப் மோட்டார் பேட்டரியை உறிஞ்சும் அந்தச் சில விநாடிகளில் 12 வோல்ட், 9 வரை இறங்கலாம். 3 ஓம் காயிலில் 4 ஆம்பியர் ஓடவேண்டிய இடத்தில் 3 ஆம்பியர்தான் ஓடும். காயில் சேமிக்கும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மிஞ்சுவது பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. கருகிய பாயிண்டால் அரை ஓம் தடை கூடினாலும் அது பாதிக்கும் கீழே போய்விடும். ஸ்பார்க் வீக் என்றதும் காயிலை மாற்றுவது பரவலான பழக்கம். ஆனால் குற்றம் பெரும்பாலும் காயிலுக்கு முன்னால், 12 வோல்ட் பக்கத்தில்தான் இருக்கும்.

வண்டியே சில தடயங்கள் தரும். தள்ளினால் பிடித்து, செல்ஃபில் பிடிக்கவில்லை என்றால் பேட்டரி, அதன் முனைகள், எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எர்த் பட்டை அறுந்த வண்டியில் செல்ஃபின் மின்சாரம் சோக் கேபிள் வழியே திரும்பப் பார்க்கும். கேபிள் தொட முடியாதபடி சுடும். பலாஸ்ட் ரெசிஸ்டர் உள்ள கார்களில், சாவியை விட்ட கணத்தில் எஞ்சின் பிடித்தால், ஸ்டார்ட்டின்போது காயிலுக்கு முழு வோல்ட் தரும் தனி வயர் துண்டித்திருக்கிறது.

சோதனைக்குப் பெட்ரோல் கசிவு அறவே இருக்கக்கூடாது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடு வயரைக் கழற்றி, காப்பிட்ட இடுக்கியால் எஞ்சின் உலோகத்துக்கு 6 மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். ‘பட் பட்’ என்ற ஓசையுடன் நீலப்பொறி தாவினால் நல்லது. மெலிந்த மஞ்சள் நூலாக வந்தால் நலிவு. பிளக்கைக் கழற்றி வெளியே பார்ப்பது போதாது. சிலிண்டருக்குள் அழுத்தமேறிய கலவையைக் கடந்து தாவ அதிக வோல்ட் வேண்டும். வெளிக்காற்றில் தாவும் பொறி உள்ளே தாவாமல் போகலாம்.

நடு வயரில் பொறி வலுவாக இருந்து பிளக்கில் மெலிந்தால், மூடி, ரோட்டார், பிளக் வயர்களில் கசிவு. மழைக்காலத்திலும் மார்கழிப் பனியிலும் மூடியின் உட்புறம் ஈரம் படியும். உலர்ந்த துணியால் துடைத்தால் அன்றைய பயணம் நடக்கும். பென்சில் கோடு போன்ற மெல்லிய கருங்கீறல் தெரிந்தால் மூடியை மாற்றுவதே வழி.

நடு வயரிலேயே நலிவு என்றால் முதலில் பாயிண்ட். மூடிய பாயிண்டின் இரு பக்கமும் மீட்டர் வைத்தால் 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. பாயிண்ட் நீலமாகக் கருகி அடிக்கடி பள்ளம் விழுந்தால் கண்டன்சரைச் சந்தேகிக்கலாம். அதை மாற்றாமல் பாயிண்டை மட்டும் மாற்றினால் புதியதும் அதேபோல் கருகும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. பாசிட்டிவ் எர்த்தில் பிறந்த பழைய பிரிட்டிஷ் கார்களில் டைனமோவை எடுத்து ஆல்டர்னேட்டர் போடும்போது நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவார்கள். காயிலின் இரு சிறு வயர்களை இடம் மாற்ற மறந்துவிடுவார்கள். பிளக்கில் சூடான நடு முனையிலிருந்துதான் எலக்ட்ரான்கள் எளிதில் கிளம்பும். திசை மாறினால் பொறி தாவக் கூடுதல் வோல்ட் வேண்டும். வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் பேட்டரி கொஞ்சம் தளர்ந்த காலையில் சமாளிக்கக் கையிருப்பு இருக்காது.

காயிலின் முறை இதற்கெல்லாம் பிறகுதான். குளிர்ந்திருக்கும்போது சரியாக அளவு காட்டி, சூடேறியதும் படுக்கும் காயில்களும் உண்டு. ஓடி நிறுத்திய வண்டியிலேயே அதைச் சோதிக்க வேண்டும்.

அம்பாசடரில் லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பாயிண்ட் இடைவெளி 0.35–0.40 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி சுமார் 0.63. கேமில் உரசும் பாயிண்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும் என்பதால் கேமில் கிரீஸ் கடுகளவு வைக்க வேண்டும். கூடினால் அது சிதறிப் பாயிண்டில் படியும். இடைவெளியைத் தொட்டால் இக்னிஷன் டைமிங்கும் நகரும். ஆகவே பாயிண்ட் வைத்து முடித்ததும் டைமிங்கைச் சரிபார்த்த பிறகே பானட்டை மூட வேண்டும்.