செகசைக்கான் திருமேனிக்கு நன்றாக: சுவான்சோ தமிழ்க் கல்வெட்டு பற்றி ஒரு மறுவாசிப்பு

மங்கோலியர் வரலாற்றுக் கண்காட்சி எந்த நாட்டில் நடந்தாலும் கம்பளிக் கூடாரம், சேணம், வில், கானின் ஆணையைத் தாங்கிய உலோகப் பட்டயம் ஆகியவையே முன்வரிசையில் நிற்கும். மேய்ச்சல் நில வாழ்வைக் காட்ட அவை போதும். அந்த நாடோடி மரபில் வந்த அரசு, தான் வென்ற துறைமுகத்தில் அயல் சமயத்தாரை எப்படி நடத்தியது என்று காட்ட, என்னைக் கேட்டால், ஒரு தமிழ்க் கல்லையும் அங்கே வைக்கவேண்டும். 1956இல் சீனாவின் சுவான்சோவில் கிடைத்த அந்தக் கல் இப்போது சியாமென் பல்கலைக்கழக மானிடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதைத் தமிழறிஞர் உலகுக்கு அறிமுகம் செய்தவர் தி.நா. சுப்பிரமணியம். 1978இல் இரா. நாகசாமி பதிப்பித்த தொகுப்பில் வந்த அவர் கட்டுரையின் தலைப்பே, இடைக்காலச் சீனாவில் ஒரு தமிழர் குடியேற்றம் இருந்ததென்று முடிவு சொல்லிவிடுகிறது. வாசகத்தைப் படித்துத் தந்த கடன் அவருக்கு நாம் பட்டது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் தலைப்பைத் தாங்கும் வலு கல்லில் இல்லை என்பதே என் வாதம். பின்னால் எழுதியவர்கள் கல்லை விட்டுவிட்டுத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். மேடைக்கு வந்தபோது அது 'குப்லாய் கான் கட்டிய சிவன் கோயில்' என்றே ஆகிவிட்டது.

கல்லில் தமிழ் வரிகள் ஆறு. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், சித்திரை நாள், அதாவது கி.பி. 1281 ஏப்ரல் வாக்கில். சம்பந்தப் பெருமாள் ஆன தவச்சக்கரவர்த்திகள் என்பவர், செகசைக்கான் திருமேனிக்கு நன்றாக, உடையார் திருக்கதலீச்சரமுடைய நாயனாரை ஏறியருளப் பண்ணினார். அது செகசைக்கான் பர்மான்படி, அதாவது அவர் ஆணைப்படி. கான் கட்டியதாகவோ கொடுத்ததாகவோ இங்கே ஒரு சொல்லும் இல்லை. செய்தவர் தவச்சக்கரவர்த்திகள், கான் இசைவு தந்தவர், அவர் உடல்நலத்துக்காகப் பிரதிட்டை நடந்தது. அரசன் திருமேனிக்கு நன்றாக வேண்டி அடுத்தவர்கள் அறம் செய்வது நம் கோயில் சுவர்களில் நூற்றுக்கணக்கில் காணும் வழக்கம்தான்.

குடியேற்றத்துக்குச் சான்று வேண்டுமென்றால் வேறு இடம் பார்க்கலாம். சுமத்ராவின் பாரூசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவைப் பேர் சொல்லிக் குறிக்கிறது. தாய்லாந்தின் தகுவாபா கல்லில் மணிக்கிராமத்தார் என்ற வணிகர்கள் வருகிறார்கள். பர்மாவின் பாகான் கல்வெட்டில் கொடையாளி தன் ஊர் மகோதயர்பட்டணம் என்கிறார். சுவான்சோ கல்லிலோ வணிகக் குழு இல்லை, நகரத்தார் இல்லை, சொந்த ஊர் இல்லை, நிலமோ விளக்கோ இல்லை. துறவுப் பட்டம் தாங்கிய ஒருவரும் ஓர் ஆணையும் மட்டுமே.

அந்த ஆணையைத்தான் நாம் சரியாகக் கவனிக்கவில்லை. செங்கிஸ் கான் 1223இல் தாவோயியத் துறவி சியு சூச்சிக்குத் தந்த சலுகையிலிருந்தே மங்கோலியர் கொள்கை ஒன்றுதான்: சமயப் பெரியோருக்கு வரி இல்லை; பதிலுக்கு அவர்கள் கானின் ஆயுளுக்காகத் தத்தம் தெய்வத்தை வேண்டவேண்டும். பின்வந்த ஆணைகள் பௌத்தர், கிறித்தவர், தாவோயியர், இசுலாமியர் என்று அடுக்குகின்றன. சைவருக்கு அந்த வரிசையில் இடமில்லை. சம்பந்தப் பெருமாள் அந்த இடத்தைக் கேட்டுப் பெற்றார் என்று இந்தக் கல்லைப் படிக்கலாம். திருமேனிக்கு நன்றாக என்ற நம் பழைய வாய்பாடு, கானின் அதிகாரிகள் எதிர்பார்த்த வேண்டுதலுக்கு அப்படியே பொருந்திவிட்டது. நேரடிச் சான்று கிடையாது. ஆனாலும் ஒரு துறவிப் பட்டம், ஓர் ஆணை, ஓர் உடல்நல வேண்டுதல் மூன்றும் ஆறே வரிக்குள் சேர்ந்து நிற்பதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

செகசைக்கான் யார்? ஒலியை மட்டும் பார்த்தால் சகதாய் கானே நெருக்கம். ஆனால் செங்கிஸின் அந்த மகன் இறந்து அப்போதே ஏறத்தாழ நாற்பது ஆண்டு. மறைந்தவர் திருமேனிக்கு நன்மை வேண்டுவது எந்த ஊர் வழக்கம்? அப்போது ஆண்ட குப்லாயின் 'செச்சென்' பட்டத்தின் திரிபு என்றால் பொருள் சரியாகிறது, ஆனால் நடுவில் ககரம் எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு: அந்தப் பட்டம் 1294இல் குப்லாய் இறந்தபின் முறைப்படி சூட்டப்பட்டது. உயிரோடிருந்தபோதே வாய்வழக்கில் இருந்திருக்கலாம் என்று கொண்டு நான் குப்லாய் பக்கம் நிற்கிறேன். முடிந்த முடிவு என்று சொல்லமாட்டேன்.

காலமும் இதற்கு இடம் தருகிறது. யுவான் அரசமரபு வரலாற்றின்படி, குப்லாயின் தூதர் யாங் திங்பி 1281இன் முதல் சீன மாதத்தில் இதே சுவான்சோவிலிருந்து கொல்லத்துக்குக் கப்பலேறினார். காற்று எதிர்த்தது, உணவு தீர்ந்தது. நான்காம் மாதம் பாண்டியர் கரையான மாபாரில் இறங்கினார். ஏறக்குறைய அதே வாரங்களில் சுவான்சோவில் நாயனார் ஏறியருளுகிறார். ஆணை அதற்கு எவ்வளவு முன்னால் கிடைத்தது என்பதைக் கல் சொல்லவில்லை. ஆகவே இந்த இரண்டையும் காரண காரியமாக முடிச்சுப் போட மாட்டேன்.

சுப்பிரமணியம் தரப்புக்கு வலுவான துணை சிற்பங்கள்தான். லிங்கத்தை வழிபடும் யானை, லிங்கத்தின்மேல் பால் சொரியும் பசு, கையுவான் கோயிலின் பின்புறத் தூண்கள் எனச் சுவான்சோவில் சிதறிக் கிடப்பவை பல. பணமுள்ளவர்கள் பின்னால் இருந்தார்கள் என்பதை அவை காட்டுகின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவை வேறு கட்டடங்களில் மறுபடி பயன்பட்ட கற்கள். அவற்றில் எது திருக்கதலீச்சரத்தைச் சேர்ந்தது என்று இந்தக் கல்லை வைத்து யாரும் காட்டிவிட முடியாது.

திருப்பூர்ப் பக்கம் இதைப் பேசினால் 'அப்ப நம்ம ஊர்த் துணியும் அங்க போச்சுங்களா?' என்ற கேள்வி கட்டாயம் வரும். பனியன் ஏற்றுமதியில் சீனாவோடு மல்லுக்கட்டும் ஊரில் அது இயல்புதான். சுவான்சோவில் கடல் வணிகக் கண்காணிப்பாளராக இருந்த சாவோ ருகுவா, 1225 வாக்கில் எழுதிய நூலில் சோழநாட்டுப் பொருள்களில் பருத்தித் துணியைச் சேர்க்கிறார். சிவகங்கைப் பக்கத்துப் பிரான்மலையின் 13ஆம் நூற்றாண்டு வணிகக் கல்வெட்டிலும் பருத்தியும் நூலும் உண்டு. கொங்குப் பருத்தி அந்தப் பொதிகளில் இருந்திருக்கலாம். சம்பந்தப் பெருமாளின் கல்லை அதற்குச் சாட்சியாக அழைக்க முடியாது. தமிழ் வரிகளுக்குக் கீழே சீன எழுத்தில் உள்ள ஒற்றை வரிக்கு உறுதியான பொருள் கிடைத்தால், குடியேற்ற வாதத்தையும் என் வாதத்தையும் மறுபடி எடைபோட வேண்டியிருக்கும்.